கண்ணுக்குள் அடைபடும் வடிகால்

சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனைக்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. 1819-ல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909-ல் ஒரு புதிய அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பில், வட்ட முனை கொண்ட நுண்கருவியால் சின்னதாக ஒரு துளை போடுவார். கண்ணுக்குள் தேங்கி அழுத்திக்கொண்டிருக்கும் நீர் அந்தத் துளை வழியே கசிந்து, வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு அடியில் பரவி, மெல்ல ரத்தத்தோடு சேர்ந்துவிடும். கண்ணின் அழுத்தம் தணியும். இதைப் பற்றி 1913-ல் அவர் தனி நூலே எழுதினார். மதராஸில் பிறந்த அந்தச் சிகிச்சையை உலகெங்கும் இருந்த கண் மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் அவர் பெயராலேயே செய்துவந்தார்கள்.

அந்த நோய்க்குக் கண்நீர் அழுத்த நோய் என்று பெயர். கிளாக்கோமா என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். எலியட் போட்ட துளைக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, அதே சென்னையிலும் அதன் சுற்றுவட்டக் கிராமங்களிலும் 40 வயதைக் கடந்தவர்களிடம் சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். மெல்ல மெல்லப் பார்வையைத் தின்னும் வகை கிளாக்கோமா, கிராமங்களில் நூற்றுக்கு 1.62 பேருக்கும் நகரத்தில் 3.51 பேருக்கும் இருந்தது. இந்த எண்ணைவிட என்னை உலுக்கியது அடுத்த எண். நோய் இருந்தவர்களில், கிராமத்தில் 98.5 சதவீதம் பேருக்கும் நகரத்தில் 94 சதவீதம் பேருக்கும் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. இந்தியா முழுவதும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு கோடியே 12 லட்சம் பேருக்கு கிளாக்கோமா இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

கண் மருத்துவத்தில் இவ்வளவு நீண்ட மரபும், இவ்வளவு நல்ல மருத்துவமனைகளும் உள்ள ஒரு மாநிலத்தில் இது எப்படி நடக்கிறது? கண்ணுக்குள் நீர் ஓடுகிறது என்பதே நம்மில் பெரும்பாலோருக்குச் சொல்லித்தரப்படவில்லை. ஓடுகிறது என்று தெரியாத நீரின் வடிகால் அடைந்துபோனதை யார் தேடுவார்கள்?

கண்ணீர் வேறு, கண்நீர் வேறு

கண்ணீர், மேல் இமைக்கு அருகில் சுரந்து, விழியின் மேற்பரப்பை நனைத்து, மூக்குக்குள் வடிந்துபோவது. நான் சொல்லும் நீர் விழிக்குள்ளேயே பிறந்து விழிக்குள்ளேயே ஓடுவது. எவ்வளவு அழுதாலும் அதில் ஒரு சொட்டு வெளியே வராது.

அது ஏன் தேவைப்படுகிறது என்பது எண்ண எண்ண வியப்பூட்டும் செய்தி. கருவிழியின் முகப்பில் இருக்கும் கார்னியாவும், அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸும் பளிங்குபோல் தெளிவாக இருந்தால்தான் ஒளி உள்ளே போகும். ரத்தக் குழாய்கள் ஊடே ஓடினால் அந்தத் தெளிவு கெட்டுவிடும். ஆனால் இரண்டும் உயிருள்ள திசுக்கள். அவற்றுக்கும் உணவு வேண்டும், கழிவு வெளியேற வேண்டும். ரத்தம் செய்யும் இந்த வேலையை, ரத்தமில்லாமல், நிறமில்லாமல் செய்து முடிக்கவே இந்த நீர். கண்பாப்பாவைச் சூழ்ந்த நிறத் திரையான ஐரிஸுக்குப் பின்னால் வளையமாகச் சுற்றியிருக்கும் சிலியரி உறுப்பு, ரத்தத்திலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்து இதைச் சுரக்கிறது. புரதம் மிகக் குறைவு, குளுக்கோஸ் உண்டு, வைட்டமின் சி ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. உயிரணுக்களின் சவ்வில் தண்ணீர் மட்டும் நுழைவதற்கென்றே நுண்ணிய வாசல்கள் இருப்பதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரிக்கு 2003-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நீர் சுரக்கும் இடத்திலும், லென்ஸிலும், கார்னியாவின் உட்புறத்திலும் அந்த வாசல்கள் இருக்கின்றன.

நிமிடத்துக்குச் சுரப்பது 2 முதல் 3 மைக்ரோலிட்டர். நாள் முழுவதும் சேர்த்துவைத்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. தூக்கத்தில் அதுவும் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அது போய்ச் சேரும், கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடையிலான முன்னறையின் கொள்ளளவே கால் மில்லிலிட்டர்தான் என்பதால், ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் நீர் முழுவதும் புதிதாகிறது.

சுரந்த நீர் லென்ஸைத் தடவிக்கொண்டு கண்பாப்பாவின் வழியாக முன்னறைக்கு வருகிறது. அங்கே, ஐரிஸும் கார்னியாவும் சந்திக்கும் மூலையில் சல்லடைபோல் ஒரு திசு இருக்கிறது. நீர் அதில் வடிந்து, அதன் பின்னால் வளையமாக ஓடும் ஒரு நுண்கால்வாயில் சேர்ந்து, அங்கிருந்து ரத்த நாளங்களுக்குள் போய்விடுகிறது. 1830-ல் ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் ஃபிரீட்ரிஷ் ஷ்லெம் விவரித்த அந்தக் கால்வாய்க்கு இன்றும் அவர் பெயர்தான். கொஞ்சம் நீர் வேறொரு வழியிலும், சிலியரித் தசையின் இழைகளுக்கு ஊடாக, ஊறிப் போகிறது. இந்த இரண்டாவது வழியை மறந்துவிட வேண்டாம். மருந்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கிளாக்கோமா பற்றிப் பேசும்போது "கண்ணில் நீர் அதிகமாகச் சுரந்துவிட்டது" என்று சொல்பவர்களைப் பார்க்கிறோம். அது பெரும்பாலும் தவறு. சுரப்பு எப்போதும்போலத்தான் இருக்கிறது, வடிவதில்தான் கோளாறு. ஏரிக்கரை உடைய மழை அதிகமாகப் பெய்ய வேண்டியதில்லை, கலிங்கு அடைத்துக்கொண்டால் போதும் என்பது நம் ஊர் விவசாயிக்குத் தெரியும். 1963-ல் மார்ட்டன் கிராண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், இறந்தவர்களின் கண்களில் நீரைச் செலுத்திப் பார்த்து, வெளியேறும் நீருக்கு ஏற்படும் தடையில் முக்கால் பங்கு அந்தச் சல்லடைத் திசுவில்தான் என்று காட்டினார். வயதாக ஆக அந்தச் சல்லடையின் உயிரணுக்கள் குறைகின்றன, இடுக்குகள் தூர்ந்துபோகின்றன.

வடியாத நீர் எல்லாத் திசையிலும் அழுத்துகிறது. கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு வெளியேறும் இடம்தான் விழிக்கோளத்தின் பலவீனமான புள்ளி. அங்கே சுவர் கிடையாது. துளைகள் நிறைந்த ஒரு தட்டு மட்டுமே. அதன் வழியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் மூளைக்குப் போகின்றன. அழுத்தத்தில் அவை ஒவ்வொன்றாக நசிகின்றன. செத்த இழை மீண்டும் முளைப்பதில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிவதில்லை. முதலில் போவது பக்கப் பார்வை என்பதால் படிக்க முடிகிறது, டிவி பார்க்க முடிகிறது, ஊசியில் நூல்கூடக் கோக்க முடிகிறது. ஒரு கண் இழந்ததை மறு கண் ஈடுகட்டிவிடுகிறது. படியில் கால் இடறுவதும், பக்கத்தில் வரும் வண்டி தெரியாமல் போவதும் தொடங்கும்போது பெரும்பகுதி நரம்பு போய்விட்டிருக்கும்.

நம் வீட்டுத் திண்ணைகளில் இன்றும் கேட்கும் ஒரு பேச்சு இங்கேதான் பெரும் கேடு செய்கிறது. "வயசாச்சு, புரை விழுந்திருக்கும். நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்." புரைக்கு அந்தக் காத்திருப்பு அவ்வளவு கேடு செய்வதில்லை, எடுத்து லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். அதே காத்திருப்பு கிளாக்கோமாவுக்குக் கொடுக்கப்பட்டால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. 1976-ல் தொடங்கிய தேசியப் பார்வையின்மைத் தடுப்புத் திட்டம் புரை அறுவை சிகிச்சையைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுசேர்த்தது. அது மாபெரும் சாதனை. அந்தச் சாதனையின் நிழலில், பார்வை மங்கினால் புரைதான் என்ற எண்ணம் மக்கள் மனதில் ஊன்றிவிட்டது.

நாமே அடைக்கும் வடிகால்

வயதும் பரம்பரையும் வடிகாலை அடைத்தால் அது விதி என்று சொல்லலாம். நாமே மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கி அடைப்பதை என்னவென்று சொல்வது?

மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் நடப்பது இது. கண் சிவந்தவர் கடைக்குப் போய், "கண்ணுக்குப் போட ஒரு சொட்டு மருந்து கொடுங்க" என்கிறார். சீட்டு கேட்பதில்லை. கையில் வரும் குப்பியில் பல நேரம் நுண்ணுயிர்க்கொல்லியோடு டெக்சாமெத்தசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடக்கூடியது. ஸ்டீராய்டு போட்டால் இரண்டே நாளில் சிவப்பும் உறுத்தலும் அடங்குகின்றன. அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. அந்தக் குப்பி 'நல்ல மருந்து' என்று பெயர் வாங்கிவிடுகிறது. மிச்சம் குளிர்சாதனப் பெட்டியில் இடம் பிடிக்கிறது. அடுத்த முறை தூசு விழுந்தாலும் அதுதான், கண் எரிந்தாலும் அதுதான், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதுதான்.

ஸ்டீராய்டு அந்தச் சல்லடைத் திசுவில் வேண்டாத பொருட்களைப் படியவைத்து அதை இறுகச் செய்கிறது. நீர் வடிவது குறைகிறது. சில வாரங்கள் தொடர்ந்து போட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்தாறு பேருக்கு மிக அதிகமாக ஏறும் என்று 1960-களிலேயே கண்டறிந்துவிட்டார்கள். யாருக்கு ஏறும் என்பது போட்டுப் பார்க்காமல் தெரியாது. உரிய நேரத்தில் நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு அழுத்தம் பழைய நிலைக்கு வந்துவிடும். போன நரம்பு வராது. நீண்ட நாள் போட்டால் லென்ஸிலும் இளம் வயதிலேயே புரை விழும்.

பிள்ளைகளை நினைத்தால்தான் மனம் பதறுகிறது. நம்முடைய வெப்பமும் தூசும் நிறைந்த சூழலில், ஐந்து வயது முதல் பதின்பருவம் வரையிலான பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பையன்களுக்கு, ஒவ்வாமையால் கண் அரிப்பு வருவது உண்டு. கசக்கிக் கசக்கிக் கண் பழுப்பேறிக் கிடக்கும். ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும். முதல் தடவை மருத்துவர் ஒரு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தை, பிறகு அதே பழைய சீட்டைக் காட்டியோ காலிக் குப்பியைக் காட்டியோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள். பிள்ளையின் அரிப்பு அடங்குகிறது என்ற நிம்மதி பெற்றோருக்கு. கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொல்லும் நாளில், பார்வை நரம்பு வெளுத்துக் குழிந்துபோயிருக்கிறது. எந்த நோயாலும் வராத, மருந்தால் மட்டுமே வந்த குருட்டுத்தன்மை அது. அன்பினால் ஊற்றப்பட்டது என்பதால் அதன் கொடுமை குறைந்துவிடாது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும், கண்ணின் உட்புற அழற்சியிலும் அது பார்வையைக் காப்பாற்றுகிறது. கண் அழுத்தத்தை இடையிடையே அளந்துகொண்டே போட வேண்டிய மருந்து அது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, முகத்துக்குத் தடவும் களிம்பு, மூட்டு வலிக்கான மாத்திரை என்று வேறு வழிகளில் ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுப்பவர்களும் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. நம் நாட்டு மருந்து விதிகளின்படி இந்தச் சொட்டு மருந்துகள் மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. சட்டம் இருக்கிறது, கடையில் அது இல்லை. தூக்க மாத்திரைக்குச் சீட்டு கேட்கும் கடைக்காரர் கண் மருந்துக்கும் கேட்டால் என்ன? மருந்து ஆய்வாளர்கள் மெட்ராஸ் ஐ காலத்தில் மட்டுமாவது கடை கடையாகப் போய்ப் பார்த்தால் என்ன?

மற்ற நீர்வழிகள்

மெல்ல வரும் வகையைத் தவிர, ஒரே இரவில் பார்வையைக் கவிழ்க்கும் வகையும் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே, ஐரிஸும் கார்னியாவும் சந்திக்கும் அந்த மூலை குறுகலாக இருக்கும். வயதாகி லென்ஸ் தடிக்கும்போது இன்னும் நெருங்கும். மங்கிய வெளிச்சத்தில் கண்பாப்பா விரியும் ஒரு மாலைப் பொழுதில், ஐரிஸ் மடிந்து வடிகாலை மூடிவிடுகிறது. அழுத்தம் வழக்கமான 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் என்ற அளவிலிருந்து 50, 60 என்று எகிறுகிறது. தாங்க முடியாத தலைவலி, கண்வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், குமட்டல், வாந்தி. வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்றும், தலைவலியைப் பார்த்து ஒற்றைத் தலைவலி என்றும் வைத்தியம் நடக்கும்போது மணிகள் ஓடுகின்றன. ஒரு பக்கக் கண் சிவந்து, வலியோடு வாந்தியும் வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். முதலில் மருந்தால் அழுத்தத்தை இறக்கி, பிறகு லேசரால் ஐரிஸில் ஒரு நுண்துளை போட்டு நீருக்கு வழிவிடுவார்கள். அந்தத் துளையை முன்கூட்டியே போட்டுக்கொண்டால் பெரும்பாலும் இப்படி ஒரு இரவே வராமல் தடுக்கலாம்.

நீரின் கதை முன்னறையோடு முடிவதில்லை. கார்னியாவின் உட்புறத்தில் ஓரடுக்கு உயிரணுக்கள் இருக்கின்றன. கார்னியாவுக்குள் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றுவதே அவற்றின் வேலை. இறைப்பு நின்றால் கார்னியா உப்பி, மூடுபனி படிந்த கண்ணாடி போலாகிவிடும். மனிதனுக்கு இந்த உயிரணுக்கள் பிறந்த பிறகு பெருகுவதில்லை. பிறக்கும்போது இருப்பதை வைத்தே ஆயுளை ஓட்ட வேண்டும். அவை பலவீனப்பட்டவர்களுக்குக் காலையில் எழுந்ததும் பார்வை மங்கலாக இருந்து, நேரம் ஆக ஆகத் தெளியும். இரவெல்லாம் இமை மூடியிருந்ததால் ஆவியாகாமல் தேங்கிய நீர், கண் திறந்த பிறகு ஆவியாகிப் போவதுதான் காரணம். "காலையில கொஞ்சம் மங்கலா இருக்கு, அப்புறம் சரியாயிடுது" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அலட்சியப்படுத்தாதீர்கள்.

பின்னால் விழித்திரைக்கு அடியிலும் இதேபோல் ஓரடுக்கு, நீரைப் பின்புறமாக உறிஞ்சி விழித்திரையை அதன் இடத்தில் ஒட்டவைக்கிறது. சர்க்கரை நோயில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து, வடியும் நீரைவிட ஊறும் நீர் மிகும்போது விழித்திரையின் நடுப்பகுதி வீங்கிப் படிக்கும் பார்வை போகிறது. முன்னால் கிளாக்கோமா, பின்னால் விழித்திரை வீக்கம். இரண்டிலும் வரவுக்கும் போக்குக்கும் உள்ள கணக்குதான் தவறுகிறது.

மதுரையின் குழாய்

மருத்துவம் இந்தக் கணக்கைத்தான் சரிசெய்கிறது. டிமோலால் சொட்டு மருந்து சுரப்பைக் குறைக்கும். லேட்டனோபிராஸ்ட் என்ற மருந்து, முன்பு சொன்ன அந்த இரண்டாவது வழியை அகலப்படுத்தி நீரை வெளியேற்றும். அடைந்த மதகை விட்டுவிட்டு, பக்கத்து ஓடையைத் தூர்வாருவது போன்ற உத்தி இது. இரவில் ஒரு சொட்டு போதும். டிமோலால் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொட்டு மருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலைக் கிளப்பிவிடும். மருத்துவரிடம் ஆஸ்துமாவைச் சொல்லிவிட வேண்டும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும்.

சொட்டு மருந்து போதாதபோது எலியட்டின் துளையிலிருந்து வளர்ந்த அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன. அந்தத் துளையும் புண் ஆறி மூடிக்கொள்ளும் கண்களுக்கு, நுண்ணிய சிலிகோன் குழாயை உள்ளே வைத்து நீரை வெளியே கொண்டுவருகிறார்கள். இறக்குமதிக் குழாய்களின் விலை ஏழைக்கு எட்டாதது. டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், மதுரையிலேயே அப்படி ஒரு குழாயைச் செய்து, அவற்றைவிட மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவருகிறது. எழும்பூரில் துளை, மதுரையில் குழாய். இந்த நோய்க்கான மருத்துவ வரலாற்றில் தமிழ்நாட்டின் பங்கு பெருமைப்படத்தக்கது. நோயாளியைக் கண்டுபிடிப்பதில்தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

இதற்குப் புதிதாக ஒரு பெரிய திட்டம் தேவை என்று நான் நினைக்கவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்கும் வழக்கம் நம் மாநிலத்தில் பரவிவருகிறது. அதே படத்தில் பார்வை நரம்பின் முகப்பும் விழுகிறது. அதில் குழி பெரிதாகியிருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க ஒரு விதி எழுதினால் போதும். அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்புவது சரிப்படாது. அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு நசிபவர்கள் நம் நாட்டில் ஏராளம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே போகிறது. "உங்கள் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கண் அழுத்த நோய் உண்டா?" என்று அந்தப் பணியாளர் ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம். உண்டு என்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கண்டுபிடிக்கப்பட்டவருக்கு ஆயுள் முழுவதும் சொட்டு மருந்து தேவை. அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் தடையில்லாமல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். காசு இல்லாத மாதத்தில் குப்பி காலியானால் நரம்பு காத்திருக்காது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நாற்பதை நெருங்கும்போது வெள்ளெழுத்துக்காகக் கண்ணாடி மாற்றப் போவீர்கள். கடையிலேயே பவர் பார்த்துக் கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஒருமுறை கண் மருத்துவரிடம் போய், "என் கண் நரம்பையும் அழுத்தத்தையும் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீடு திரும்பியதும், குளிர்சாதனப் பெட்டியில் கிடக்கும் அந்தப் பழைய சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து எறிந்துவிடுங்கள்.